மீட்ட அதிகாரியின் பெயர்

நஃபீஸத் விற்கப்பட்டது 2024-ஆம் வருடம் ஜூன் முப்பதாம் தேதியா, ஜூலை ஒன்றாம் தேதியா என்பதில்தான் சிக்கல் தொடங்கியது. விற்கப்பட்டாளா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. விற்றவர் யார் என்பதிலும் இல்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் செல்போன் கடைக்கு மேல் மாடியில் 'நல்வழி வெளிநாட்டு வேலை ஆலோசனை மையம்' நடத்தும் அப்பாத்துரை அண்ணாச்சிதான் அவளை அனுப்பினார் என்பது அந்தப் பக்கம் டீ குடிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். தேதிதான் இடித்தது.

நஃபீஸத்துக்குப் பத்தமடை. வயது முப்பத்தெட்டு. கணவர் ஹபீப் முகம்மது மவுத்தாகி ஐந்து வருடம். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து, மகள் ஸமீஹாவை நர்சிங் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். மஸ்கட்டில் பெரிய ஆஸ்பத்திரி, வார்டில் உதவியாள் வேலை, எட்டு மணி நேரம், வெள்ளிக்கிழமை லீவு என்றார் அப்பாத்துரை. ஊரில் பாதிப் பேர் வளைகுடாவுக்குச் சபர் போனவர்கள்தானே, நாமும் இரண்டு வருடம் போய்விட்டு வருவோம் என்று கிளம்பினாள்.

மஸ்கட்டில் ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் அவளுக்கு இல்லை. இறங்கிய அன்று காலையில் ஓர் அலுவலகத்தில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அவளோடு ஏழு பெண்கள். வீட்டுக்காரர்கள் வந்து ஒவ்வொருவரையும் பார்த்தார்கள். ஒரு அம்மாள் நஃபீஸத்தின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, குனிந்து நிமிரச் சொன்னாள். குனிந்து நிமிர்ந்தாள். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. மூன்று மாடி வீடு, பதினான்கு பேர் சமையல், பாஸ்போர்ட் பீரோவுக்குள். "நான் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தவ" என்று அவள் கைச்சாடையில் சொன்னபோது, அந்த அம்மாள் பீரோவைத் திறந்து முத்திரை குத்திய ரசீது ஒன்றை எடுத்து முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாள்.

ஒன்பது மாதம். ஒரு வெள்ளிக்கிழமை குப்பைப் பையோடு வாசலுக்கு வந்தவள் குப்பையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் திரும்பவில்லை. வீட்டுச் செருப்போடு இரண்டு மணி நேரம் நடந்து, பேக்கரியில் நின்ற ஒரு மலையாளியிடம் வழி கேட்டு, தூதரகத்தின் வாசலில் போய் உட்கார்ந்தாள். அங்கே நாற்பது நாள். பிறகு ஊர்.

ஊருக்கு வந்த நான்காம் நாள் வில்சன் தேடி வந்தான். பெரியதாழையில் கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போகிறவன். அந்தப் பெஞ்சில் நஃபீஸத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபிளோராவின் கணவன். ஃபிளோராவை வேறு வீட்டுக்காரர் கொண்டுபோனார். அந்த வீட்டு டிரைவர் இரக்கப்பட்டு எப்போதாவது போன் கொடுப்பான். அப்படி அவள் அனுப்பியிருந்த குரல் பதிவை வில்சன் போட்டுக் காட்டினான்.

"மச்சான், கையில சுடுதண்ணி ஊத்திட்டாவ. ஆத்துக்கிடுவேன். ஆகஸ்ட் கடைசில என்னைய வேற ஊருக்குக் கைமாத்துதாவளாம். அங்கன போயிட்டா இந்த போனும் கிடையாது. பிள்ளைகிட்ட நான் கடைக்குப் போயிருக்கேன்னு சொல்லு."

வெளிநாட்டில் சிக்கியவர்களை மீட்க இணையத்தில் ஒரு படிவம் உண்டு என்று வில்சனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நிரப்பிப் பார்த்தான். ஏழாவது கட்டத்தில் காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை எண் கேட்டது. எண் போடாமல் எட்டாவது கட்டம் திறக்கவில்லை.

"ஒரு நம்பர்தானக்கா வேணும்" என்றான் வில்சன்.

"வாங்கிருவோம் லே" என்றாள் நஃபீஸத். அப்போது அவளுக்கு அதிகாரிகள் யாரையும் தெரியாது.

முதலில் போன காவல் நிலையத்தில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, கடத்தல்னா என்ன? கையக் காலக் கட்டி, வாயில துணி வச்சு, வேன்ல போடணும். நீங்க டிக்கெட் எடுத்து, சன்னல் ஓரமா உக்காந்து, குடுத்த சாப்பாட்டையும் சாப்பிட்டுட்டுப் போயிருக்கிய."

"சாப்பாடு உப்பே இல்லய்யா."

"அது நுகர்வோர் கோர்ட்டு."

மேலும் அவர், கடத்தப்பட்டவர் திரும்பி வந்துவிட்டால் கடத்தல் முடிவுக்கு வந்துவிடுகிறது என்றும், முடிந்துபோன விஷயத்துக்கு வழக்கு எதற்கு என்றும் கேட்டார். இருந்தாலும் இதற்கென்றே தனிப் பிரிவு இருப்பதால் அங்கே போகச் சொல்லி ஒரு துண்டுத் தாளில் முகவரி எழுதிக் கொடுத்தார். அவர் அன்று எழுதியது அது ஒன்றுதான்.

வண்ணார்பேட்டையில் அந்தப் பிரிவு இருந்தது. 'மனிதக் கடத்தல் தடுப்பு, விழிப்புணர்வு, மீட்பு, மறுவாழ்வு மற்றும் ஒருங்கிணைப்புச் சிறப்புப் பிரிவு' என்பது முழுப்பெயர். ஒரு பலகையில் அடங்காமல் இரண்டாவது பலகைக்கும் போயிருந்தது. இரண்டாவது பலகை காற்றில் விழுந்துவிட்டதால் வாசலில் 'மனிதக் கடத்தல்' என்பது மட்டும் மிச்சம் நின்றது. உள்ளே ஆய்வாளர் ஐயம்பெருமாள், ஒரு ஏட்டு, ஒரு ஏர்கண்டிஷனர். ஏட்டின் பெயர் மகாராஜா. எழுதுகிற வேலை முழுக்க அவருடையது. எதையும் கேட்டு முடித்துத்தான் பேனா மூடியைத் திறப்பார்.

மகாராஜாதான் தேதியைக் கண்டுபிடித்தார்.

"ஐயா, இந்தம்மா வீட்டவிட்டுக் கிளம்புனது ஜூன் முப்பது. அன்னைக்குப் பழைய சட்டம், முன்னூத்தி எழுபதாம் பிரிவு. அங்கன போயி வித்தது ஜூலை ஒண்ணு. அன்னைக்கு விடியும்போது புதுச் சட்டம் வந்துட்டு. நூத்தி நாப்பத்தி மூணு."

ஐயம்பெருமாள் கண்ணாடியைக் கழற்றினார். "அப்பம் சட்டம் மாறும்போது இவங்க எங்க இருந்தாங்கங்கறதுதான் கேள்வி." நஃபீஸத்தைப் பார்த்துத் திரும்பினார். "ராத்திரி சரியா பன்னெண்டு மணிக்கு நீங்க எங்கன இருந்திய?"

"பிளேன்லய்யா."

"அது தெரியுது. பிளேன் எங்கன இருந்துச்சு?"

"வெளிய இருட்டாத்தான் இருந்துச்சு. கீழ கடலுன்னு ஃபிளோரா சொல்லிச்சு. அது கடல்காரப் பிள்ளை."

ஐயம்பெருமாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கடலா?"

அன்றே கடலோரக் காவலுக்குக் கடிதம் போயிற்று. ஒன்பது நாளில் பதில் வந்தது. மேற்படி நேரத்தில் மேற்படி கடற்பகுதியில் சந்தேகத்துக்கிடமான படகு எதுவும் தென்படவில்லை என்றும், ஆகாயம் தங்கள் எல்லையில் வராது என்றும் அதில் இருந்தது. இப்பிரிவு உடனே இன்னொரு கடிதம் எழுதி, மேற்படி நேரம் என்பதை இந்திய நேரமாகக் கொண்டார்களா, மஸ்கட் நேரமாகக் கொண்டார்களா என்று விளக்கம் கேட்டது.

நஃபீஸத் மகாராஜாவிடம் கேட்டாள்: "ரெண்டு சட்டத்துக்கும் தண்டனை வேற வேறயா ஏட்டையா?"

"இல்ல. வாசகமும் ஒண்ணு, தண்டனையும் ஒண்ணு. ஒரு ஆளக் கடத்துனா ஏழு வருசத்துல இருந்து பத்து வருசம். ஒண்ணுக்கு மேல போனா பத்து வருசத்துல இருந்து ஆயுசு."

"அப்பம் ஏதாவது ஒண்ணுல போடப்பிடாதா?"

"நம்பர் தப்பாயிட்டுன்னா மேல கேப்பாவ."

"ஆள வித்தத யாரும் கேக்க மாட்டாவளா?"

மகாராஜா இதைக் கேட்டு முடித்தார். ஆனால் பேனா மூடியைத் திறக்கவில்லை.

மூன்றாம் முறை போனபோது ஐயம்பெருமாள் சற்று இளகியிருந்தார். வழக்கு இப்போதைக்கு முடியாது, மறுவாழ்வுப் பதிவேட்டிலாவது பெயரை ஏற்றிவிடலாம் என்றார். மகாராஜா பெரிய பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். பெயர், வயது, ஊர் எல்லாம் ஏறியது. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"மீட்ட அதிகாரியின் பெயர்?"

"யாரும் மீட்கலய்யா. நானா நடந்து வந்தேன்."

மகாராஜா ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் நஃபீஸத்தை, தேர்வில் விடையை முன்கூட்டியே எழுதிவிட்ட மாணவியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இது மீட்கப்பட்டவங்க பதிவேடும்மா. நீங்க தானா வந்துட்டிய. தானா வந்தவங்களுக்குக் கட்டம் இல்ல. கொஞ்சம் பொறுத்திருந்தா நாங்க வந்திருப்போம்லா?"

"ஒம்பது மாசம் பொறுத்தேன்."

"அவசரப்பட்டுட்டிய."

நஃபீஸத் எழுந்தாள். இதுவரை தலையில் சரியாமல் பிடித்திருந்த முந்தானையை இடுப்பில் செருகினாள். "அப்பம் ஒண்ணு செய்யுதேன். திரும்ப அங்கன போயி அந்த வீட்டுல பாத்திரம் தேய்க்கேன். நீங்க பொறப்பட்டு வந்து மீட்டுட்டு வாங்க. வரும்போது ஃபிளோராவையும் சேத்துக் கூட்டிட்டு வந்துருங்க. உங்க புஸ்தகத்துல ரெண்டு வரி நிறையும்."

"இந்தப் பேச்சுப் பேசுதவள யாரு ஏமாத்த முடியும்? இதுல இருந்தே தெரியுதுலா புகார்ல உண்மை இல்லைன்னு" என்றார் ஐயம்பெருமாள். தான் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது என்று அவருக்கே ஒரு திருப்தி.

வெளியே வந்ததும் வில்சன் பஸ் நிற்கும் இடத்தில் கையால் கம்பத்தைக் குத்தினான். அவனுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். நஃபீஸத் குத்தவில்லை. வீட்டுக்குப் போனபிறகு சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "உம்மா, விட்டுரலாமே" என்றாள் ஸமீஹா. "என்னைய வித்ததுகூடப் பெரிசில்ல. நான் சொன்னத ஒரு தாள்ல எழுதக்கூட மாட்டேங்காவ, பாரு. அதான் ஆறமாட்டேங்கு" என்றாள் நஃபீஸத்.

ஜூலை மாதம் இருபத்தைந்தாம் தேதி பிரிவிலிருந்து அவளுக்கு போன் வந்தது. முதல்முறையாக அவர்களாக அழைக்கிறார்கள். ஐயம்பெருமாள் 'அம்மா' என்று மிக மரியாதையாகத் தொடங்கினார்.

விஷயம் இதுதான். ஜூலை முப்பது, மனிதக் கடத்தலுக்கு எதிரான உலக நாள். மண்டபம் பிடித்தாயிற்று. பேனர் அடித்தாயிற்று. பாதிக்கப்பட்டவர் ஒருவரைக் கட்டாயம் மேடையேற்ற வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பிரிவின் எல்லைக்குள் பாதிக்கப்பட்டவர் யாருமே பதிவாகாததால் ஆள் கிடைக்கவில்லை. ஆகவே நஃபீஸத்தை அன்று காலை பத்து மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை மீட்கப்பட்டவராக ஏற்றுக்கொள்ளப் பிரிவு முடிவு செய்திருந்தது.

ஒத்திகைக்கு வரச் சொன்னார்கள். மூன்று வாக்கியம் எழுதிக் கொடுத்தார்கள்: நான் ஏமாந்து போனேன். இப்பிரிவு என்னைக் காத்தது. நன்றி.

"கொஞ்சம் வாடுனாப்ல வாங்க" என்றார் ஐயம்பெருமாள். "அழுகை தானா வருமா, பின்னால மியூசிக் போடணுமா?"

"பாத்துக்கிடலாம்யா."

"பேசி முடிச்சதும் சிறப்பு விருந்தினருக்கு நீங்கதான் பொன்னாடை போடணும்."

"யாரு சிறப்பு விருந்தினரு?"

"நம்ம அப்பாத்துரை அண்ணாச்சி. மண்டபம், டீ, வடை, கையேடு அச்சடிச்சது எல்லாம் அவருதான். வெளிநாட்டு வேலை விஷயத்துல அவருக்கு உள்ள அனுபவம் யாருக்கு இருக்கு?"

நஃபீஸத் சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். வில்சனுக்குத் தாங்கவில்லை. "நம்மள வித்தவனுக்கு நீ பொன்னாடை போடப்போறியா? எதுக்குக்கா ஒத்துக்கிட்ட?"

"ஏலே, ரெண்டு மாசமா ஒரு பேனாவத் தொறக்க மாட்டேன்னாவ. இப்பம் மைக்கையே கையில குடுக்காவ. வேண்டாம்னா சொல்லுவாவ?"

முப்பதாம் தேதி மண்டபம் நிறைந்திருந்தது. இரண்டு கல்லூரிகளின் மாணவிகள், மகளிர் குழுக்காரர்கள், கடையாட்கள். மூன்றாவது வரிசையில் ஏழெட்டுப் பெண்கள் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அப்பாத்துரையே வேனில் கூட்டி வந்தவர்கள். அடுத்த வாரம் மஸ்கட் போகிறவர்கள். கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று சொன்னதால் அவர் தம் கையில் இருந்தவர்களைக் கொண்டுவந்திருந்தார்.

வாசலில் எல்லோருக்கும் கையேடு கொடுத்தார்கள். முன்னட்டையில் சங்கிலி பூட்டிய இரண்டு கைகள். பின்னட்டையில் 'வெளிநாட்டு வேலைக்கு அணுகவும்: நல்வழி' என்று போன் நம்பரோடு. நஃபீஸத் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். பிரிவில் உள்ளவர்கள் உட்பட அந்தக் கையேட்டை முழுதாகப் படித்தவள் அன்று அவள் ஒருத்திதான் என்பது பிறகு தெரிந்தது.

ஐயம்பெருமாள் தலைமை உரை ஆற்றினார்.

"பெரியோர்களே, இப்பிரிவு தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நான்கு ஆண்டுகளில் எங்கள் எல்லையில் ஒரு கடத்தல் வழக்குகூடப் பதிவாகவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவிக்கிறேன். (கைதட்டல்.) இது எளிதில் நடந்ததல்ல. ஒவ்வொரு புகாரையும் வரவர நாங்கள் கண்ணும் கருத்துமாகத் தடுத்திருக்கிறோம். பிற இடங்களில் குற்றத்தைப் பதிவு செய்கிறார்கள், குற்றம் கூடுகிறது. நாங்கள் பதிவு செய்வதில்லை. குற்றம் பூஜ்யம்!"

அடுத்து அப்பாத்துரை. வெள்ளை வேட்டி, விரலில் மூன்று மோதிரம், நல்ல கனிவான குரல்.

"என் கையால முன்னூத்திப் பன்னெண்டு பொம்பளப் பிள்ளைகள பிளேன் ஏத்திவிட்டிருக்கேன். ஒருத்தியாவது அழுதுக்கிட்டு ஏறினான்னு சொல்லச் சொல்லுங்க! சிரிச்சுக்கிட்டுத்தான் ஏறுவாங்க. அங்க போனபிறகு வருத்தப்பட்டா அதுக்கு நான் பொறுப்பில்ல, அது அந்த ஊரு வெயிலு. பாஸ்போர்ட்ட எல்லாம் நானே வாங்கிப் பத்திரமா பூட்டி வச்சுக்கிடுவேன், பிள்ளைக தொலைச்சிரக் கூடாதுல்லா? பெத்த தகப்பன் செய்வானா இத?"

கைதட்டினார்கள். பிறகு உறுதிமொழி. எல்லோரும் எழுந்து வலது கையை நீட்டினார்கள். ஐயம்பெருமாள் சொல்லச் சொல்ல மண்டபம் திருப்பிச் சொன்னது: கடத்தல் எதுவும் தெரியவந்தால் அஞ்சாமல் தெரிவிப்பேன். தெரிவித்தால் தாமதமின்றிப் பதிவு செய்வேன். அப்பாத்துரையின் கைதான் எல்லோரையும்விட நேராக நின்றது.

"இப்போது நம்மால் மீட்கப்பட்ட சகோதரி ஒருவர் பேசுவார்."

நஃபீஸத் மைக்கை வாங்கினாள்.

"நான் பத்தமடை நஃபீஸத். ஏமாந்து போனேன்." முதல் வாக்கியத்தை அப்படியே சொன்னாள். பக்கவாட்டில் நின்ற ஐயம்பெருமாள் தலையாட்டினார். "ஏமாத்துனது இந்தா உக்காந்திருக்காவளே, அப்பாத்துரை அண்ணாச்சி. ஆஸ்பத்திரி வேலைன்னு சொல்லி அனுப்பி, மஸ்கட்டுல பெஞ்சுல உக்காரவச்சு என்னைய வித்தாவ. பெரியதாழை ஃபிளோராவையும் வித்தாவ. நான் வந்துட்டேன். அந்தப் பிள்ளை வெந்த கையோட இன்னும் அங்கன கெடக்கு."

சோகத்துக்காக ஏற்பாடு செய்திருந்த புல்லாங்குழல் இசையை ஒலிபெருக்கிக்காரர் இந்த இடத்தில் போட்டார். ஐயம்பெருமாள் அதை நிறுத்தச் சொல்லிக் கை காட்ட, அவர் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார் என்று நினைத்துக் கூட்டினார்.

நஃபீஸத் கையேட்டை விரித்தாள். "இது நம்ம பிரிவு குடுத்தது. அண்ணாச்சி செலவுல அடிச்சது. ஒம்பதாம் பக்கம். ஏமாத்தி ஆளெடுத்தாலும் அனுப்புனாலும் அது கடத்தல். பாதிக்கப்பட்டவர் சம்மதிச்சாரா இல்லையாங்கறது பொருட்டே இல்ல. கயிறு கட்டணும்னு எங்கயும் போடல. பதினோராம் பக்கம். இந்தக் குற்றத்தப் பத்திச் சொன்னதப் பதிவு செய்யத் தவறுன அரசு ஊழியருக்கு, ஆறு மாசத்துக்குக் குறையாம, ரெண்டு வருசம் வரைக்கும் கடுங்காவல்." அவள் ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "ஐயா, இப்பம் எல்லாரும் பாக்கச் சொல்லிட்டேன். பதிவு செய்யுதியளா, ஆறு மாசம் போறியளா?"

"மைக்க ஆஃப் பண்ணுப்பா!"

இந்தமுறை ஒலிபெருக்கிக்காரருக்குச் சரியாகப் புரிந்தது. மைக் நின்றது. இசையும் நின்றது. ஆனால் பதினான்கு பேர் வீட்டில் மாடிக்கு மாடி கூப்பிட்டுப் பதில் சொல்லிப் பழகிய குரல் அது. நஃபீஸத் மேடை விளிம்புக்கு வந்து மூன்றாவது வரிசையைப் பார்த்தாள்.

"ஏளா, உங்ககிட்ட எந்த ஆஸ்பத்திரின்னு பேரு சொன்னாவளா? இல்ல, பெரிய ஆஸ்பத்திரின்னு மட்டும் சொன்னாவளா?"

அந்த வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவள் இன்னொருத்தியைப் பார்த்தாள். ஸ்ரீவைகுண்டத்துக்காரி ஒருத்தி, கிரேஸி என்று பெயர், மெதுவாக எழுந்தாள்.

"அண்ணாச்சி, என் பாஸ்போர்ட்டக் குடுங்க."

"உக்காரும்மா, பிறகு பேசுவோம்."

"இப்பம் குடுங்க."

வரிசை முழுவதும் எழுந்தது. பின்னால் இருந்த கல்லூரிப் பெண்களும் எழுந்தார்கள். எதற்கென்று தெரியாமல் எழுந்தவர்களும் உண்டு. ஆனால் எழுந்தபிறகு யாரும் உட்காரவில்லை. 'குடுங்க, குடுங்க' என்ற சத்தம் மண்டபத்துக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்களையும் உள்ளே இழுத்தது. அப்பாத்துரை பொன்னாடை போர்த்திக்கொள்ளாமலே கீழே இறங்கி, டீ அண்டா வைத்திருந்த வழியாகப் போனார்.

சட்டம் அன்று வேலை செய்தது. பதினொன்றே முக்காலுக்கு அப்பாத்துரை புகார் கொடுத்தார். பன்னிரண்டுக்குள் பிரிவு அலுவலகத்தில் நஃபீஸத்தை உட்காரவைத்து, அரசு விழாவுக்கு இடையூறு செய்ததாகவும் ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாகவும் முதல் தகவல் அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டார்கள். சம்பவம் நடந்தபோது எந்தச் சட்டம் அமலில் இருந்தது என்பதில் இந்தமுறை யாருக்கும் குழப்பம் இல்லை.

மகாராஜா பேனா மூடியைத் திறந்தார். "என்ன பேசி இடையூறு பண்ணுனாவய்யா?"

"பொய்க் குற்றச்சாட்டு சொல்லின்னு போடும்."

"என்ன பொய்யின்னு போடணும்லா. மொட்டையாப் போட்டா கோர்ட்டுல திருப்பிருவாவ."

"சரி, போடும் வே. அப்பாத்துரை வித்தாருன்னு சொன்னான்னு போடும்."

"யார யாரய்யா வித்ததா?"

"இவளயும், அந்த ஃபிளோராவையும்."

"எங்கன வச்சு? எந்தத் தேதி? என்ன வேலைன்னு சொல்லி?"

ஐயம்பெருமாளுக்கு அண்ணாச்சியிடமிருந்து போன்மேல் போன். "அவகிட்டயே கேட்டு எழுதித் தொலையும், சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டார்.

மகாராஜா கேட்டார். நஃபீஸத் சொன்னாள். மாடி அலுவலகம், விமானம், பெஞ்சு, உள்ளங்கை, ரசீது, சுடுதண்ணீர், பூட்டிய பாஸ்போர்ட். இரண்டு மாதம் அவள் புகாரில் ஒரு வரி எழுதாத பேனா நான்கு பக்கம் எழுதியது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் 'என்று எதிரி கூச்சலிட்டார்' என்று சேர்த்துக்கொண்டார். எதிரி என்பது நஃபீஸத். அந்த ஏட்டு தெரிந்து செய்தாரா, எதையும் விடாமல் எழுதும் பழக்கத்தில் செய்தாரா என்பதை இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டவர்களிடம், "விடுபட்டா மேல கேப்பாவ" என்று மட்டும் சொல்லுகிறார்.

கடைசியில் எண் போட்டார். பிரிவு தொடங்கி முதல் வழக்கு. ஆகவே 1/2025.

"நகல் வாங்கிக்கிடுங்க. இங்கன ஒரு கையெழுத்து."

நஃபீஸத் நகலை வாங்கி, முதல் வரியிலிருந்து படித்தாள். எழுத்துக்கூட்டி அல்ல, நிதானமாக. அத்தனையும் இருந்தது. அப்போதுதான் அன்று முதல்முறையாக அவள் கண் கலங்கியது. மியூசிக் எதுவும் தேவைப்படவில்லை.

சொந்த ஜாமீனில் வெளியே வந்தவள் நேரே வில்சனோடு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். ஏழாவது கட்டத்தில் 1/2025 என்று அடிக்கச் சொன்னாள். நகலைப் பதிவேற்றிய பெண் படித்துப் பார்த்துத் திகைத்தாள். "அக்கா, இந்தக் கேசுல நீங்கதான குத்தவாளி?"

"நம்பர்தான் கேட்டிருக்கான். குத்தவாளி யாருன்னா கேட்டிருக்கான்?"

எட்டாவது கட்டம் திறந்தது.

ஃபிளோரா ஆகஸ்ட் மாதம் இருபத்திரண்டாம் தேதி திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினாள். வில்சன் மூன்று வயது மகனைத் தோளில் வைத்திருந்தான். பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் வலது முன்கை தோல் சுருங்கி, பளபளவென்று இருந்தது. பிள்ளை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கடைல எனக்கு என்ன வாங்கிட்டு வந்த?" என்று கேட்டது. ஃபிளோரா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நஃபீஸத் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வழக்கு 1/2025 நீதித்துறை நடுவரிடம் போனபோது, அவர் நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு, கூச்சல் இருக்கட்டும், கூச்சலில் சொன்ன விற்பனைக்கு வழக்கு எங்கே என்று கேட்டார். தேதிச் சிக்கலை அரசுத் தரப்பு விளக்கியது. ஆளெடுத்ததற்குப் பழைய பிரிவும் கைமாற்றியதற்குப் புதிய பிரிவும் போட்டுப் பதிவு செய்யச் சொன்னார் நடுவர். இதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. அப்பாத்துரையைக் கைது செய்தபோது அவர் பீரோவில் நாற்பத்தோரு பாஸ்போர்ட் இருந்தது. கிரேஸியுடையது அடியில் கிடந்தது. அவர் இரண்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறார். வழக்கு நடக்கிறது. ஆறு மாதக் கடுங்காவல் பற்றிய பதினோராம் பக்கத்துக்குத் துறை விசாரணை நடக்கிறது. ஃபிளோராவின் பெயர் பதிவேட்டில் ஏறியது. மீட்ட அதிகாரியின் பெயர் என்ற கட்டத்தில் ஐயம்பெருமாள் என்று இருக்கிறது. குடியரசு தினத்தன்று அதற்கு அவருக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

விற்றவர் வழக்கு வருவதற்கு முன்னால், கூச்சலிட்டவள் வழக்கு விசாரணைக்கு வந்தது. பிப்ரவரியில் ஒரு நாள், எல்லா வழக்கும் முடிந்து கடைசியாகக் கூப்பிட்டார்கள். இலவச சட்ட உதவி வக்கீல் காதில், "இல்லைன்னு மட்டும் சொல்லுங்கம்மா, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

"விழாவுக்கு இடையூறு செய்தீர்களா?" என்று கேட்டார் நடுவர்.

"செஞ்சேன்யா."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"வருத்தம் தெரிவித்தால் எச்சரித்து அனுப்பிவிடலாம். தெரிவிக்கிறீர்களா?"

"இல்லய்யா. இந்த வருசம் அந்த விழாவ எந்த மண்டபத்துல வைக்காவன்னு மட்டும் கேட்டுச் சொன்னியன்னா நல்லது. ஃபிளோராவுக்கும் கொஞ்சம் பேசணுமாம்."

நடுவர் தலை குனிந்து வெகுநேரம் எழுதினார். பிறகு வாசித்தார். குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது. தண்டனை, நீதிமன்றம் கலையும் வரை காவலில் இருப்பது.

நீதிமன்றம் கலைய அப்போது ஆறு நிமிடம் இருந்தது. உட்காரச் சொல்லி டவாலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார். நஃபீஸத் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆறு நிமிடமும் நின்றாள்.